கோடு எங்கே கொண்டுபோய் விடுகிறது? கோத்தகிரிப் படக்கூட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரியில் ஒளிப்பட ஆர்வலர்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகசாலையின் பின்னறையில் கூடி, தாங்கள் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக் கருத்துக் கேட்பது வழக்கம். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், காய்கறி விவசாயி எனப் பல தரப்பினரும் வருகிறார்கள்; திருமணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவரைத் தவிர மற்ற எவருக்கும் இது தொழில் அல்ல. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது.

இந்த ஆய்வுக்கு உரியவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் பெண்மணி. 24 மெகாபிக்சல் கேமராவும் அதனுடன் வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸும் வைத்திருக்கிறார். லீடிங் லைன் என்ற உத்தியை, அதாவது பார்ப்பவரின் கண்ணைப் படத்துக்குள் இழுத்துச் செல்லும் கோட்டைப் பற்றிக் கூட்டத்தில் கேள்விப்பட்ட நாளிலிருந்து, அவர் கொண்டுவரும் படங்கள் எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு கோடு இருந்தது.

நீலகிரியில் கோடுகளுக்குப் பஞ்சமில்லை. சரிவின் வளைவையொட்டி நடப்பட்ட தேயிலை வரிசைகள், கேத்திப் பள்ளத்தாக்கின் கேரட், உருளைக்கிழங்குப் படிவயல்கள், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் ஏறும் மலைரயில் பாதை, கற்பூர மரங்களுக்கு நடுவே வளையும் சாலைகள் என்று, தேடாமலே கோடுகள் கண்ணில் படும். இந்த மலையில் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு இது வசதி. அதே அளவுக்கு ஆபத்தும் ஆகும். கோடு கிடைத்ததுமே படம் கிடைத்துவிட்டதாக ஒரு திருப்தி வந்துவிடுகிறது, அதற்குப் பிறகு தேடுவது நின்றுவிடுகிறது.

கூட்டமும் அந்தத் திருப்திக்குத் துணைபோனது. அவர் படம் திரையில் வந்ததும் "லைன் சூப்பர்" என்று இரண்டு மூன்று குரல்கள் எழும். அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். ஒருநாள் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அவரே வந்து கேட்டார்: "சார், லைன் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றீங்க. ஆனா ரெண்டாவது தடவை பார்க்கணும்னு யாருக்கும் தோணல. எனக்கே தோணல. ஏன்?" அந்தக் கேள்விக்குப் பாராட்டைக்கொண்டு பதில் சொல்ல முடியாது என்பதால், அடுத்த கூட்டத்தின் பெரும்பகுதியை அவர் படங்களுக்கென்றே ஒதுக்கினோம்.

அவர் தேர்ந்தெடுத்த படங்கள்

நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்தார்.

முதலாவது, கோடநாடு செல்லும் சாலையோரத்துத் தோட்டம் ஒன்றில் எடுத்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மண்பாதை படத்தின் கீழ் இடது மூலையிலிருந்து மிகச் சரியாகத் தொடங்கி, வலப்புறமாக ஏறி, பாதி உயரத்துக்குச் சற்று மேலே வலது ஓரத்தில் வெளியேறுகிறது. இடப்பக்கச் சரிவில் நான்கு பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஒருவர் இடுப்பில் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். நால்வரும் குனிந்திருப்பதால் எவர் முகமும் தெரியவில்லை.

இரண்டாவது, குன்னூருக்கும் உதகைக்கும் இடையே தண்டவாளங்களுக்கு நடுவில் நின்று எடுத்தது. மூன்றாவது, கேத்திப் படிவயல்களைச் சாலையிலிருந்து பார்த்து எடுத்தது. நான்காவது மூடுபனிப் படம்: கற்பூர மரங்கள் இருபுறமும் நிற்க, ஒரு சாலை உள்ளே போய், எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெண்மையில் கரைகிறது. கோத்தகிரி மலையின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இத்தகைய காலைகள் இங்கு நிறையவே கிடைக்கும்.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

தண்டவாளப் படத்தை விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று முதலில் முடிவு செய்தோம். அனுமதியின்றி ரயில் பாதைக்குள் நுழைவது ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. இந்தப் பாதையில் 208 வளைவுகள் இருக்கின்றன. வளைவில் நிற்பவருக்கு வண்டி கண்ணில் படும்போது விலகுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. நாளைக்குச் சில வண்டிகள்தானே வருகின்றன என்ற நினைப்பே ஆளை அசட்டையாக நிற்க வைக்கிறது. அங்கே நின்று எடுத்த படத்தின் அமைப்பைப் புகழ்ந்தாலும் குறை சொன்னாலும், இன்னும் நன்றாக எடுத்து வா என்றே அது பொருள்படும். ஆகவே இதைத் தனியே அவரிடம் சொல்லி, பாதையை எடுக்க விரும்பினால் நிலைய நடைமேடையிலிருந்து எடுக்கலாம் என்று கூறினேன். அவர் மறுபேச்சில்லாமல் படத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

மற்ற மூன்று படங்களைப் பார்க்கும்போது கோடு என்ற சொல்லையே யாரும் எடுக்கக் கூடாது என்பது இரண்டாவது முடிவு. இதற்குப் பின்னணியில் ஓர் ஆய்வு இருக்கிறது. சோவியத் உளவியலாளர் ஆல்ஃபிரட் யார்பஸ், ரஷ்ய ஓவியர் இலியா ரெப்பினின் ஓவியம் ஒன்றை ஒருவருக்குக் காட்டி, வெவ்வேறு கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் அவருடைய கண் ஓவியத்தின் மீது சென்ற தடத்தைக் கருவியால் பதிவு செய்தார். ஓவியத்தில் இருப்பவர்களின் வயதைக் கேட்டபோது கண் முகங்களைச் சுற்றியது. குடும்பத்தின் வசதியைக் கேட்டபோது உடைகளுக்கும் அறையில் உள்ள பொருள்களுக்கும் போனது. ஆங்கிலத்தில் 1967-இல் வெளிவந்த யார்பஸின் நூலில் இந்தத் தடங்களை வரிசையாகப் பார்க்கலாம். ஓவியம் மாறவில்லை, கேள்விதான் மாறியது. "இதோ ஒரு லீடிங் லைன் படம்" என்று அறிவித்துவிட்டுப் படத்தைக் காட்டினால் எல்லாரும் கோட்டைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கோடு தானாக எதையும் செய்கிறதா என்பது தெரியவே தெரியாது. எங்கள் கூட்டத்தில் அதுவரை இப்படித்தான் நடந்திருந்தது என்பது என் கணிப்பு.

திரையில் காட்டுவதைத் தவிர்த்து, மூன்று படங்களையும் 8×12 அங்குலத்தில் அச்சிட்டோம். பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடித்தாளும் மார்க்கரும் கொடுத்தோம். தாளைப் படத்தின் மேல் வைத்து, கண் முதலில் விழுந்த இடத்தில் ஒரு புள்ளியும், பிறகு சென்ற வழியில் ஒரு கோடும், படத்தை விட்டு வெளியேறிய இடத்தில் ஓர் அம்புக்குறியும் போட வேண்டும். அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. இது கருவிப் பதிவு அல்ல, தாம் பார்த்ததாக ஒருவர் நினைப்பதன் பதிவுதான் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லைவிட அதில் அதிகச் செய்தி இருக்கும் என்று நம்பினோம்.

தாள்கள் நிரம்பும் வரை படம் எடுத்தவர் பேசக் கூடாது. நிரம்பிய பிறகு முதல் கேள்வியை அவர்தான் கேட்க வேண்டும். அவர் கேட்டால் மட்டுமே மற்றவர்கள் யோசனை சொல்லலாம். இந்த ஒழுங்கின் கடைசிப் பகுதி அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் வகுத்த கருத்துக்கூறும் முறையிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது. படைத்தவர் கேட்காத யோசனை அவர் காதில் தீர்ப்பாகவே விழும். கேட்டுப் பெற்றது கையில் கருவியாக நிற்கும்.

உலகப் புகழ்பெற்ற படங்களை உதாரணம் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1932-இல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த படம், படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி சுழன்று இறங்க, தெருவில் ஒரு சைக்கிள்காரர் விரைந்து போவதைக் காட்டுவது, அவர் மனத்தில் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். அதைப் பார்த்துவிட்டால் அடுத்த மாதம் அந்தப் பெண்மணி படிக்கட்டுகளைத் தேடி அலைவார். அவருடைய பாதைக்கு என்ன குறை என்பது அப்படியே இருக்கும்.

தாள்களில் தெரிந்தது

தேயிலைப் படத்தின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அறையில் இருந்த அனைவருக்குமே விஷயம் விளங்கிவிட்டது. புள்ளிகளில் பெரும்பாலானவை நீலத் தார்ப்பாயின் மேல் குவிந்திருந்தன. அங்கிருந்து போன கோடுகள் அந்தப் பெண்களைச் சுற்றிவிட்டு மேல்பக்கமாக வெளியேறின. பாதையிலிருந்து தொடங்கிய சிலருடைய கோடுகள் பாதை வழியாகவே வலது ஓரத்துக்குப் போய் வெளியே விழுந்தன. பாதையிலிருந்து பெண்களிடமோ, பெண்களிடமிருந்து பாதைக்கோ போன கோடு ஒன்றுகூட இல்லை. பாதை அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருந்தது.

அவர் தாள்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல பாதை ஒரு படம், அந்த அக்காங்க ஒரு படம், சார். ரெண்டையும் ஒரே சட்டத்துல போட்டிருக்கேன்" என்றார். நாங்கள் சொல்ல நினைத்திருந்ததை எங்களைவிடச் சுருக்கமாக அவரே சொல்லிவிட்டார்.

யோசனை கேட்டபோது, வலப்பக்கத்தை வெட்டிச் சதுரமாக்கிவிடலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். 6000×4000 பிக்சல் படத்தைச் சதுரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு போனாலும், அச்சுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே எஞ்சும். ஆகவே தர அளவில் தடை ஏதும் இல்லை. ஆனால் வெட்டுவதால் பாதை வெளியேறும் இடம்தான் மாறுமே தவிர, அது போகும் திசை மாறாது. படத்தில் கோடுகள் எந்தக் கோணத்தில் விழும் என்பதைத் தீர்மானிப்பது கேமரா நின்ற இடம். லென்ஸை மாற்றினாலும் வெட்டினாலும் கிடைப்பது அதே காட்சியின் பெரிய துண்டோ சிறிய துண்டோதான். அதே இடத்துக்குத் திரும்பிப் போய் வேறு இடத்தில் நிற்பது நல்லது என்று நான் சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

கேத்திப் படத்தின் தாள்களில் தடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. படிவயலின் கரைகள் எல்லாமே கோடுகள். எல்லாம் ஒரே அழுத்தத்தில் இருந்ததால் எதுவும் கண்ணை அழைத்துச் செல்லவில்லை. அது நெசவைப் போல மொத்தமாகப் பார்க்க வேண்டிய படம். லீடிங் லைன் என்று பெயர் வைக்காமல் விட்டாலே போதும் என்ற கருத்தில் அனைவரும் ஒத்துப்போனோம்.

மூடுபனிப் படத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. மூடுபனியின் நீர்த்துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் தூரம் கூடக் கூடக் காட்சி வெளுத்துக்கொண்டே போகிறது. சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுகூட வேண்டிய புள்ளிக்கு வெகு முன்பாகவே அழிந்துவிடுகின்றன. பாதிப் பேரின் தடங்கள் சாலை மறையும் இடத்தில் நின்றுவிட்டன, மீதிப் பேருடையவை மர உச்சிகளில் அலைந்தன. விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பேருந்து வரும்வரை காத்திருந்திருக்கலாம் என்றார் ஒருவர். படம் எடுத்தவர் இந்தப் படத்தைப் பற்றி யோசனை எதுவும் கேட்கவில்லை. ஆகவே பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டோம்.

மீண்டும் அதே பாதையில்

தோட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் அவர் அங்கே திரும்பிச் சென்றார். தாழ்வான கோணத்தில் எடுத்தால் கோடு பலமாகத் தெரியும் என்று எங்கோ கேட்டிருந்ததால், முதலில் பாதையின் நடுவே குந்தி அமர்ந்து எடுத்தார். கோணக் கணக்கு அவர் கேட்டதை மெய்ப்பிக்கவே செய்கிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள நேரான பாதையின் நடுவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமராவைச் சாய்க்காமல் பிடித்தால், படத்தில் பாதையின் இரு ஓரங்களும் சுமார் 37 பாகைக் கோணத்தில் விரியும். அதையே அரை மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் 90 பாகை விரியும். ஆனால் கொழுந்து பறிக்கும் செடிகள் இடுப்பளவு உயரத்தில் நிற்பவை. அரை மீட்டரிலிருந்து பார்த்தால் இருபுறமும் பச்சைச் சுவர். சரிவும் தெரியாது, பாதை வளைவதும் தெரியாது. பாதை அகன்று தெரிந்தது, அது எங்கே போகிறது என்பது மறைந்துவிட்டது.

பிறகு பாதைக்கு மேலேயுள்ள மண்திட்டில் ஏறி நின்றார். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அதே ஒரு மீட்டர் அகலம் 19 பாகையாகக் குறுகிவிடும்; எடுப்பான விரிவு போய்விடும். அதற்குப் பதிலாகப் பாதை ஒரு நாடாவைப் போல வளைந்து சென்று திரும்புவது முழுதாகத் தெரிந்தது. கோடுகளைப் பற்றிப் பேசும்போது அகலமும் அழுத்தமும் மட்டுமே பேசப்படுகின்றன. இங்கே மெலிந்த கோடுதான் உதவியது.

அதற்குப் பின் அவர் செய்தது எங்களில் எவருக்கும் தோன்றியிராதது. அந்தப் பாதை அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார். தொழிற்சாலைக் கணக்கில் கொழுந்து எடைச் சீட்டுகள் தினமும் அவர் மேசைக்கு வருகின்றன. பறித்த கொழுந்தைச் சுமந்துகொண்டு எடை போடும் இடத்துக்குப் போவதற்கான பாதை அது. பறிக்கும் நேரத்தில் பெண்கள் சரிவில் இருப்பார்கள், பாதை காலியாகக் கிடக்கும். எடை நேரத்தில் எல்லாரும் பாதையில் இருப்பார்கள். மேஸ்திரியிடமும் அந்தப் பெண்களிடமும் சொல்லி, பழைய படத்தைக் காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகு காலை எடைக்கு முன்பே போய்த் திட்டில் நின்றுகொண்டார்.

கிடைத்த படத்தில் பாதை கீழ் விளிம்பில், மூலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளித் தொடங்குகிறது. வளைவில் பெண்கள் தலையில் கொழுந்து மூட்டைகளுடன் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். முன்னால் வருபவர் கால் வைக்கும் இடத்தைப் பார்க்காமல், நிமிர்ந்து, எடைக்காரர் நிற்கும் பக்கம் பார்க்கிறார். தார்ப்பாயின் நீலம் இதிலும் இருக்கிறது, ஆனால் வரிசைக்குள் அடங்கிவிட்டது.

விளைவு

அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்துக்கும் முன்போலவே தாள்கள் போட்டோம். கண் கீழிருந்து கோடு வழியாக ஏறி ஆட்களிடம் போய்ச் சேரும் என்றுதான் பாடம் சொல்லப்படுகிறது. தாள்களில் அப்படி இல்லை. பெரும்பாலோர் முதல் புள்ளியை முன்னால் வருபவரின் முகத்தில்தான் வைத்திருந்தார்கள். அங்கிருந்து வரிசையின் கடைசி வரை பின்னோக்கிப் போய், பாதையில் இறங்கி, மறுபடி முகத்துக்கு ஏறியிருந்தார்கள். வெளியேறும் அம்புக்குறியைச் சிலர் போடவே இல்லை. எங்கே போடுவது என்று தெரியவில்லை என்றார் ஒருவர்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது முக்கியமானது என்று கருதுகிறேன். கண்ணை அழைத்தது முகம்தான், பாதை அல்ல. பாதை செய்த வேலை வேறு: அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்பதைச் சொல்லி, முகத்தைப் பார்த்தவரைப் படத்துக்குள்ளேயே நடமாட வைத்தது. முதல் படத்தின் பாதைக்கு அந்தப் பெண்களோடு எந்த உறவும் இல்லை. இரண்டாவதில் அவர்கள் அன்றாடம் நடக்கும் வழியே கோடாக இருந்தது.

இதற்கு ஒரு பக்கவிளைவும் ஏற்பட்டது. அதன் பிறகு அவர் கொண்டுவந்த படங்களில் ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் ஓர் ஆள் நின்றார். கேத்திப் படிவயலின் வரப்பில்கூட, சிவப்பு ஸ்வெட்டர் போட்ட உறவுக்காரப் பையன் ஒருவனை நிறுத்தி எடுத்திருந்தார். படம் மோசமில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு அந்த வயலில் எந்த வேலையும் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் தாள் சோதனை, கண் எங்கே தொடங்கி, எந்த வழியில் போய், எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டுமே கேட்டது. அதனால் கோட்டுக்கு ஒரு முடிவிடம் வேண்டும் என்றே அவர் புரிந்துகொண்டார். கேட்ட கேள்விக்கு ஏற்பத்தான் பதில் அமைந்தது.

மூடுபனிப் படத்தை அவர் மாற்றவில்லை, மறுபடி எடுக்கவும் இல்லை. அந்தக் காலையில் அந்தச் சாலையில் தான் பார்த்தது அவ்வளவுதான் என்றும், பேருந்து வந்திருந்தால் அது வேறொரு படமாகியிருக்கும் என்றும் சொன்னார். சாலை மறையும் இடம் இன்னும் கொஞ்சம் கீழே அமைந்திருந்தால் மேலும் வலுத்திருக்கும் என்று நான் இன்றும் நினைக்கிறேன். இருவரும் அவரவர் கருத்திலேயே இருக்கிறோம். அவர் தன் படத்தைப் பற்றி இப்படி உறுதியாகப் பேசியது அதுதான் முதல் முறை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இனி மாற்றவிருப்பவை

தாளில் கேட்கும் கேள்வியை மாற்றியிருக்கிறோம். புள்ளி, தடம், அம்புக்குறி ஆகியவற்றோடு, படத்தில் உள்ள கோட்டுக்கும் மற்றவற்றுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரி எழுத வேண்டும்; தொடர்பு தெரியவில்லை என்றால் அப்படியே எழுதலாம். கோடு என்ற சொல் இதனால் நுழைந்துவிடும் என்பதால், தடம் போட்டு முடித்த பிறகே அந்த வரியைக் கேட்கிறோம்.

படிவயல், மூடுபனி போன்ற படங்களுக்குத் தாள் சோதனையைக் கட்டாயமாக்குவதில்லை. எல்லாப் படமும் கண்ணை ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. இந்தச் சோதனையோ அதை மட்டுமே அளக்கிறது.

ரயில் பாதை பற்றிய எச்சரிக்கையைப் படம் வந்த பிறகு சொல்லாமல், புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம். தோட்டங்களில் எடுப்பவர்கள் நிர்வாகத்திடம் மட்டுமல்லாமல், படத்தில் வரும் தொழிலாளர்களிடமும் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதையும் அதனுடன் சேர்த்திருக்கிறோம்.

அச்சுச் செலவு சிலருக்குச் சுமையாக இருப்பதால், ஒரு கூட்டத்தில் ஒருவருடைய படங்களை மட்டும் அச்சில் பார்ப்பது, அதற்கான செலவை எல்லாரும் பகிர்ந்துகொள்வது என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த முறை காய்கறி விவசாயியின் படங்களை எடுத்துக்கொள்கிறோம். அவை பெரும்பாலும் நீர்க்குழாய்களும் பாத்திகளும்தான். தாள்களைக் கொடுத்து விளக்கும் பொறுப்பை அந்தப் பெண்மணி ஏற்றிருக்கிறார்.